செந்தூரம் பூசிய வளையம்

சுத்தியல் என் வலது கையில் இருந்தது. என் மகள் ஜெனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடவில்லை.

"அப்பா, ப்ளீஸ். இங்க வேண்டாம்."

"பெறவு எங்க?"

"எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கத்தான் செய்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். எல்லாரும் புனே ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். தலையில் புது ஹெல்மெட், இடுப்பில் கயிறு மாட்டுகிற புது ஹார்னஸ் வார். வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள்.

நாங்கள் நின்ற இடம் மலை முகட்டுக்கும் அந்தத் தனிப்பாறைக்கும் நடுவில் உள்ள இடுக்கு. ஒரு ஆட்டோ நிற்கிற அகலம். இடது பக்கம் வந்த வழி. வலது பக்கம் ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே கொங்கண் காடு பாசி மாதிரி தெரியும். காற்று அங்கிருந்து மேலே வரும்.

முன்னால் பாறை. பாறையில் ஒரு இரும்பு வளையம். அதன் மேல் கட்டியாகச் செந்தூரம். காய்ந்த சாமந்தி மாலை ஒன்று.

அந்த வளையத்தை ஒரே ஒரு அடி அடித்துப் பார்க்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கிழவன் உட்கார்ந்த இடம்

போன வாரம் இந்தப் பத்தியில் கட்கி வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒருவர் போன் செய்தார். "உங்களுக்கு மலை ஏறத் தெரியுமாமே, அதை எழுதுங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஜெனிக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க வராது. அதனால் அவளைப் பற்றிப் பயமில்லாமல் எழுதலாம்.

புனேயிலிருந்து மேற்கே போனால் ஏரி வரும், பிறகு காடு, பிறகு கிராமங்கள். ரோடு குறுகிக்கொண்டே போகும். கடைசியில் சமையல் மேடை விளிம்பு மாதிரி நிலம் சட்டென்று முடிந்துவிடும். அதுதான் சஹ்யாத்ரி. மேலே புனே, கீழே கொங்கண். நடுவில் செங்குத்து.

அந்த விளிம்பிலிருந்து ஒரு துண்டு பிரிந்து தனியாக நிற்கிறது. அதுதான் மாத்தாரா சுள்கா. மாத்தாரா என்றால் மராத்தியில் கிழவன். சுள்கா என்றால் ஊசி மாதிரி தனியே நிற்கிற பாறை. கீழே வாடியிலிருந்து பார்த்தால் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு கிழவன் குத்தவைத்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாடி என்பது பத்து வீடு உள்ள குக்கிராமம்.

நம் பக்கத்துப் பாறை ஒரே கல். குற்றாலத்தில் பார்த்திருக்கிறேன். முழுசு. இங்கே அப்படி இல்லை. எரிமலைக் குழம்பு ஓடி ஓடி அடுக்காக உறைந்தது என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு: ஒரு கறுப்பு அடுக்கு, அதன் மேல் சிவப்பு அடுக்கு, மறுபடி கறுப்பு. கறுப்பு தாங்கும். சிவப்பு, தொட்டால் உதிர்கிற காரி பிஸ்கட். டீயில் நனைத்த காரி.

கிழவனின் மடியில் சிவப்பு அடுக்கு ஓடுகிறது. இடுக்கிலிருந்து ஏறுகிற இடத்துக்குப் போக அந்தச் சிவப்பு விளிம்பில் பக்கவாட்டில் நடக்க வேண்டும். பாதம் அகலம்தான். அதற்காகத்தான் கயிறு கட்டுவது. கயிற்றின் ஒரு முனை இடுக்கில், பாறையில் அடித்த இரும்பில் இருக்கும். எல்லாரும் அந்தக் கயிற்றில் கொக்கியை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். அந்த இரும்பு போனால் எல்லாரும் போவார்கள்.

மழைக்காலத்தில் அங்கே யாரும் போகக்கூடாது. காற்று கீழிருந்து அடிக்கிற அடியில் அருவி கீழே விழாமல் மேலே பறக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் நம்பவில்லை. இப்போதும் முழுசாக நம்பவில்லை.

மூன்று பேர் முதல்

மாத்தாராவில் முதலில் ஏறியது யார் என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும்.

எங்கள் மலையேறுகிற குரூப்பை ஆரம்பித்தவரை எல்லாரும் ஸர் என்போம். டிராயிங் வாத்தியார். இப்போது இல்லை. அவரும் இரண்டு நண்பர்களும்தான் முதல் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். உச்சியில் காவிக்கொடியோடு நிற்கிற போட்டோ இருக்கிறது. பின்னால் வெறும் வானம். அது எந்த மலை உச்சியாகவும் இருக்கலாம். ஸரிடமே சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மும்பைக்காரர்கள் தாங்கள்தான் முதல் என்பார்கள். உங்களுக்கு முந்தின மழைக்காலம் முடிந்ததுமே வந்து ஏறிப்போனோம் என்பார்கள். சாட்சி கேட்டால் செத்துப்போன ஒருவர் பேரைச் சொல்வார்கள்.

மூன்றாவது, கட்கி ராணுவப் பாளையத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார ஆபீசர். என் அப்பா அந்தப் பாளையத்து மெஸ்ஸில் சமையல். வெள்ளைக்காரர்கள் போன பின்னும் அவர்கள் கதை போகவில்லை. அந்த ஆபீசர் பூட்ஸோடு ஏறினார் என்பார் அப்பா. சிவப்பு அடுக்கில் பூட்ஸோடு யாரும் நடக்க முடியாது. அப்பா அந்த மலையைப் பார்த்ததே இல்லை.

நான் ஒரே ஒரு தடவை உச்சிக்குப் போயிருக்கிறேன். ஒரு கட்டில் அளவு இடம். புல், இரண்டு கல், வெயில். ஓரத்தில் பாறை வெடிப்பு ஒன்று. அதில் ஒரு மூங்கில் துண்டு செருகியிருந்தது. ஆப்பு மாதிரி சீவி, அடித்து இறக்கியது. வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது.

எங்கள் குரூப்பிலோ மும்பை குரூப்பிலோ யாரும் மூங்கில் கொண்டுபோவதில்லை. வெள்ளைக்காரனும் கொண்டுபோயிருக்க மாட்டான்.

ஸரிடம் காட்டினேன். "காற்றில் வந்து விழுந்திருக்கும்" என்றார். காற்று ஆப்பு சீவுமா? நான் கேட்கவில்லை. மறுபடி ஒரு வாரம் பேச மாட்டார்.

ஷக்கீ அண்ணா

நான் ஆறாவது வரை படித்தேன். பிறகு சிஞ்ச்வட்டில் ஒரு சின்னப் பட்டறை. கார் கம்பெனிகளுக்குத் தகடு வளைத்துக் கொடுப்போம்.

ஒருநாள் ஸர் ஒரு தகட்டோடு வந்தார். இரண்டு ஓட்டை, ஒரு வளைவு. இதே மாதிரி வேண்டும் என்றார்.

"எதுக்கு?"

"ஆள் தொங்க."

"எந்த ஆள்?"

பட்டறையே சிரித்தது. ஸர் விளக்கினார். பாறையில் ஓட்டை போட்டு, போல்ட் இறக்கி, இந்தத் தகட்டை மாட்டி, அதில் கயிறு போட்டுத் தொங்குவார்களாம். செய்து கொடுத்தேன், ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை. எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்க்காமல் கொடுக்க மாட்டேன் என்றேன். அப்படித்தான் மலைக்குப் போனேன். பிறகு போய்க்கொண்டே இருந்தேன்.

அந்த வேலை எனக்குச் சரியாக வந்தது. கை வைக்கிற ஒவ்வொரு கல்லையும் முதலில் விரல் முட்டியால் தட்ட வேண்டும். தட்டினால் சொல்லும். உள்ளே வெடித்த கல் வேறு சத்தம், பிடித்த கல் வேறு சத்தம். தட்டாமல் கை வைத்தவன் கதை எனக்கு நாலு தெரியும். எழுதவில்லை.

குரூப்பில் எனக்கு ஷக்கீ அண்ணா என்று பேர். ஷக் என்றால் சந்தேகம். இந்தப் பக்கம் தமிழன் என்றாலே அண்ணாதான். நான் முடிச்சைப் பார்ப்பேன். அடுத்தவர் முடிச்சையும் பார்ப்பேன். பார்த்தவர் பார்த்தாரா என்று பார்ப்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். விஷ்ராந்த்வாடியில் மூன்றாவது மாடி. கேஸை மூடிவிட்டுக் கீழே இறங்கி, மறுபடி ஏறிப் பார்ப்பேன். என் மனைவி ஸ்டெல்லா விருந்தாளி யார் வந்தாலும் இதைச் சொல்வாள்.

"கல்யாணத்தன்னைக்கே ஃபாதர்ட்ட, பொண்ணு பேர சரியா எழுதுனியளான்னு ரெண்டு தடவ கேட்ட மனுசன் இவ்வோ."

மூன்று தடவை கேட்டேன். ஃபாதர் எழுத்து அப்படி.

சாமி மட்டும் நிக்குது

இப்போது வளையத்துக்கு வருகிறேன்.

நான் மாத்தாராவுக்கு முதலில் போனபோதே அது அங்கே இருந்தது. எருமை கட்டுகிற வளையம் மாதிரி தடியாக இருக்கும். போட்டது யார் என்று கேட்டதற்கு, ஸர் "நாங்கள்தான், முதல் வருஷம்" என்றார். செந்தூரம் பூசியது யார் என்று கேட்டேன்.

"வாடிக்காரர்கள். அடுத்த வருஷம் வந்து பார்த்தோம், சாமியாக்கி வைத்திருந்தார்கள். இனி அதில் சுத்தியல் படக்கூடாது அண்ணா. அவர்கள் மனசு நோகும்."

இந்தப் பக்கத்தில் இது சகஜம். கல்லோ மரமோ, மனசில் பட்டால் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசிவிடுவார்கள். அது முதல் அது சாமி. வருஷா வருஷம் மேலே மேலே பூசுவார்கள்.

குரூப்பில் ஒரு பேச்சு உண்டு. வாடிக்காரன் சும்மா பூச மாட்டான், அந்த வளையத்தில் ஏதோ சத்து இருக்கிறது. ஏறுகிறவர்கள் தேங்காய் உடைப்பார்கள். வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதன் பிறகு கயிறு.

பூச்சில் மறைந்த இரும்பு எனக்குப் பிடிக்காது. அதனால் பக்கத்துப் பாறையில் நாங்களே இரண்டு போல்ட் போட்டோம். மூன்றிலும் சேர்த்துக் கட்டுவோம். பாரம் எங்கள் இரண்டில் இருக்கும். வளையம் கும்பிடுவதற்கு.

பிறகு என் முழங்கால் போனது. நான் நின்றுவிட்டேன். ஜெனி ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் போனாள்.

ஒரு குளிர்காலம். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஜெனி சொன்னாள்: "அப்பா, மாத்தாராவுல உங்க ரெண்டு போல்ட்டும் போயிடுச்சு. மழைல அந்தப் பக்கத்துப் பாறையே கீழ போயிடுச்சு. சாமி மட்டும் நிக்குது."

"இப்ப எதுல கட்டுதீங்க?"

"சாமிலதான். மிலிந்த் போன வாரம் கட்டிப் பாத்தான். பக்கா இருக்கு."

"அடிச்சுப் பாத்தானா?"

"அதை யாரு அடிப்பா?"

தட்டைத் தள்ளி வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள்தான் லீடர். முதல் தடவை. மிலிந்த் அவளுக்கு அடுத்த ஆள். நல்ல பையன், சிரித்த முகம். எனக்குச் சிரித்த முகத்தின் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

"நானும் வருதேன்" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா."

"நீங்க சும்மா எங்கயும் வர மாட்டீங்கப்பா."

கிளம்பும்போது என் பையைத் தூக்கிப் பார்த்தாள். "இவ்ளோ வெயிட். உள்ள என்ன?"

"இட்லி."

நம்பவில்லை. என் பிள்ளைதானே.

கழுத்துச் சங்கிலி

பையில் இட்லியும் இருந்தது. அதன் கீழே சுத்தியல், கையால் துளைக்கிற உளி, இரண்டு போல்ட்.

இடுக்கில் தேங்காய் உடைத்தார்கள். ஒவ்வொருத்தராக வளையத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஜெனியும் தொட்டாள். மிலிந்த் கயிற்றைக் கட்டப் போனான். நான் எழுந்து சுத்தியலை எடுத்தேன்.

"அண்ணா! என்ன பண்றீங்க?"

"ஒரு அடி."

"அண்ணா, அது தேவ், சாமி."

"தேவ்னா ஒரு அடி தாங்கும்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பையன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மிலிந்த் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னான்: "அண்ணா, முதல்ல உங்க கழுத்துல இருக்கறதை உள்ள போடுங்க."

என் கழுத்தில் வெள்ளிச் சங்கிலியில் ஒரு சிலுவை உண்டு. ஏறும்போது சட்டைக்கு வெளியே வந்திருந்தது.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு என்ன வரும் என்று யோசித்துத்தான் சொன்னான். ஆனாலும் இத்தனை வருஷம் அந்தக் கயிற்றில் யார் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று யாரும் பார்த்ததில்லை.

உள்ளே போட்டேன். சண்டை போட வரவில்லை.

அப்போதுதான் ஜெனி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்க அடிச்சா வாடிக்காரங்க நம்மளை மறுபடி விடமாட்டாங்க. குரூப்ல என்னை யாரும் லீடரா வெச்சுக்க மாட்டாங்க. புரியுதா?"

"புரியுது. அடிக்காம நீ இதுல கட்டுனா, இந்தப் பிள்ளையள எல்லாம் இதுல தொங்கவிடுவ. அது ஒனக்குப் புரியுதா?"

"நீங்க ஏன் எல்லாத்துலயும் ஷக்?"

"எல்லாத்துலயும் இல்லட்டி. இதுல."

அவள் கை தளரவில்லை. என் கையும் தளரவில்லை.

தண்ணீர் சுமந்துகொண்டு எங்களோடு வந்திருந்த வாடி ஆள் ஒருவர், பாண்டு என்று பேர், அதுவரை பீடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னார்: "என்னத்துக்குச் சண்டை? அது ஊர் சாமி இல்ல. ஹவுசாபாய் சாமி. அவளைக் கேளுங்க. அதோ கீழ புல் அறுக்கிறா."

எல்லாரும் மிலிந்தைப் பார்த்தார்கள். மிலிந்துக்கும் தெரியாது. இத்தனை வருஷம் தேங்காய் உடைக்கிறோம். அது ஒரே ஒரு பெண் பூசுகிற செந்தூரம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

எனக்குச் சந்தேகம் கூடிற்று. ஊர் சாமி என்றால் ஊர் சொல்லும். ஒருத்தி சாமி என்றால் அவளுக்கு என்ன காரணமோ.

பாண்டு எழுந்து வாயில் விரல் வைத்து விசில் அடித்தார்.

ஹவுசாபாய்

மெலிந்த பெண். அறுபது இருக்கும். ஒன்பது கஜப் புடவையைக் கச்சம் கட்டியிருந்தாள். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, நாங்கள் நாலு காலில் வந்த சரிவில் நிமிர்ந்து நடந்து வந்தாள். மராத்தியில்தான் பேசினாள். என் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் சுத்தியலைப் பார்த்தாள். பிறகு என்னை.

"இவன் யாரு?"

"என் அப்பா" என்றாள் ஜெனி.

"எந்த ஊரு?"

"புனே."

"முகம் புனே இல்லையே."

"மதராஸ் பக்கம்" என்றேன். இங்கே அப்படிச் சொன்னால்தான் புரியும்.

"சுத்தியல் எதுக்கு?"

மிலிந்த் முந்திக்கொண்டான். வயசான பெண்களை இங்கே மாவ்ஷி, அதாவது சித்தி, என்பார்கள். "ஒண்ணும் இல்ல மாவ்ஷி, அண்ணாவுக்கு வயசாயிடுச்சு..."

"நீ சும்மா இரு. நான் அவனைக் கேட்டேன்."

நான் சொன்னேன்: "இந்த வளையம் பிடிச்சிருக்கா இல்லையான்னு தட்டிப் பாக்கணும். இதுல கயிறு கட்டி இவ்வளவு பேரும் போகப்போறாங்க."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். பிள்ளைகளைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்.

"இதுலயா கட்டுவீங்க?"

"ஆமா."

"பக்கத்துல உங்க இரும்பு ரெண்டு இருந்துதே?"

"அது மழையில போயிடுச்சு மாவ்ஷி" என்றாள் ஜெனி.

ஹவுசாபாய் வளையத்தையே பார்த்தாள். ஏதோ மறைக்கிறாள் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது சாமின்னு யாரு சொன்னா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே சொன்னாள்:

"என் வீட்டுக்காரர் தேன் எடுக்கிறவர். இந்தக் கிழவன் முதுகுல பெருந்தேன் கட்டும். மூங்கிலும் கயிறும் வெச்சு ஏறுவார். அவர் அப்பாவும் ஏறினவர். உங்க டிராயிங் வாத்தியாருக்கு வழி காட்டினதும் அவர்தான். வாத்தியார் ஆளுங்க இந்த வளையத்தை அடிச்சப்ப உளியைப் பிடிச்சதும் அவர்தான். நான் சாப்பிட பாக்கிரி ரொட்டி கொண்டுவந்தேன்."

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் வளையத்தைப் பார்த்தேன்.

"அதுவரைக்கும் மேல இருக்கிற பாறைக் கொம்புலதான் அவர் கயிறு கட்டுவார். பட்டணத்து இரும்பு வந்த பிறகு இதுல கட்டினார். உறுதின்னார். அந்தப் பக்கம் தேனுக்கு இறங்கினார். கயிறு வெளிப்பக்கமா இழுத்துது."

கையால் காட்டினாள். உள்ளங்கையைப் பாறையில் வைத்து, வெளியே இழுத்தாள்.

"வளையம் கயித்தோட போச்சு. ரெண்டு நாள் சுத்திக் கீழ போய் எடுத்துட்டு வந்தோம். அவரையும் அதையும்."



மிலிந்த் கேட்டான்: "அப்புறம் இது எப்படி இங்க..."

"நான்தான் வெச்சேன். ஆள் போன இடத்துல ஒரு கல்லை நட்டுச் செந்தூரம் பூசுவோம். அப்பதான் போனவர் அமைதியா இருப்பார். இங்க கல் நிக்காது, சரிவு. அதனால வளையத்தைப் பழைய ஓட்டைலயே செருகிக் களிமண்ணும் சுண்ணாம்பும் போட்டு அடைச்சேன். என் மைத்துனர் கல்லால தட்டினார். மேல பூசினேன். வருஷா வருஷம் பூசுறேன்."

"எங்ககிட்ட சொல்லலியே மாவ்ஷி" என்றாள் ஜெனி.

"சொல்றதுக்கு நீங்க என்ன கேட்டீங்க? வந்தீங்க, தொட்டுக் கும்பிட்டீங்க. மரியாதை தெரிஞ்ச ஜனம்னு நெனச்சேன். உங்க இரும்பு பக்கத்துல இருந்துது. கயிறு அதுல இருக்குன்னு நெனச்சேன். இதுல யாராவது கட்டுவாங்களா? தொடக்கூடாதுன்னுதானே செந்தூரம் பூசுறது."

அது உறுதி என்று வாடிக்காரர்களுக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்தோம். அதில் கட்டக்கூடாது என்று எங்களுக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். அவளிடம் போய்க் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

ஜெனி என் மணிக்கட்டை விட்டாள். விட்டபோதுதான் அதுவரை பிடித்திருந்தது தெரிந்தது.

ஒரு அடி

"எடுத்துடுங்க" என்றாள் ஹவுசாபாய். "இங்க இருந்தா இன்னொருத்தன் கட்டுவான்."

பக்கவாட்டில் ஒரு அடி அடித்தேன். பலமாக இல்லை. நல்ல இரும்பு என்றால் அடி கைக்குத் திரும்பி வரும். இது வரவில்லை. சத்தம் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. செந்தூரம் தேங்காய் ஓடு கனத்தில் வெடித்தது.

ஜெனி இரண்டு விரலை வளையத்தில் விட்டு வெளியே இழுத்தாள். வந்துவிட்டது. பால்பல் மாதிரி. பாறைக்குள் இருந்த தண்டு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இத்தனை வருஷம் அதைப் பிடித்து வைத்திருந்தது களிமண்ணும், அதன் மேல் இறுகிப்போன செந்தூரமும்தான்.

மிலிந்த் உட்கார்ந்துவிட்டான். "போன ஞாயிறு நான் இதுல..." என்றான். முடிக்கவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை. அன்றைக்குத்தான் அவன்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஜெனி வளையத்தை ஹவுசாபாய் கையில் கொடுத்தாள். அவள் முந்தானையால் துடைத்தாள். பாண்டுவும் மிலிந்தும் இடுக்கின் உள்பக்கம், சரிவு இல்லாத இடமாகப் பார்த்துக் கல் அடுக்கினார்கள். அதன் நடுவில் அவளே வைத்தாள். யாரும் தொடவில்லை. எல்லாரும் தள்ளி நின்று கும்பிட்டார்கள். நானும் சிலுவைக்குறி போட்டேன். அவள் பார்த்தாள்.

ஒரு பையன் கேட்டான்: "அப்ப இன்னிக்கு க்ளைம்ப் கேன்சலா? ஹிஞ்சேவாடிலேர்ந்து விடியறதுக்கு முன்ன கிளம்பி வந்தோம்."

ஜெனி அவனுக்கு இந்தியில் சொன்னாள்: "போல்ட் போட்ட பிறகு சொல்றேன். அது பிடிச்சா ஏறலாம். இல்லன்னா இட்லி சாப்பிட்டுப் போலாம். எங்க அப்பா கொண்டுவந்திருக்கார்."

பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "குடுங்க. அந்த இட்லிக்குக் கீழ இருக்கறதை."

இடத்தை அவளே பார்த்தாள். சிவப்பு அடுக்கை விட்டு மேலே, கறுப்பில். விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் திரும்பினபோது நானும் ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டேன். சரியான இடம்தான்.

உளியை வைத்து அடித்துத் திருப்பி, அடித்துத் திருப்பி, தூளை வாயால் ஊதினாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நடுவில் மிலிந்த் வாங்கி அடித்தான். எனக்கு யாரும் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு போல்ட்டும் இறங்கின. அவள் அடித்துப் பார்த்தாள், மிலிந்த் அடித்துப் பார்த்தான், நான் அடித்துப் பார்த்தேன். மூன்று அடியும் கைக்குத் திரும்பி வந்தன.

ஹவுசாபாய் போகவில்லை. புல்லுக்கட்டை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கட்டினதும் கிட்டே வந்தாள்.

"இதுக்கும் பூசட்டுமா? வீட்ல செந்தூரம் இருக்கு. பாண்டு ஓடிப் போய் எடுத்துட்டு வருவான்."

நல்ல மனசில் கேட்டாள். மிலிந்த் என்னைப் பார்த்தான். நான் ஜெனியைப் பார்த்தேன். லீடர் அவள்தானே.

"வேண்டாம் மாவ்ஷி" என்றாள் ஜெனி. "பூசிட்டா அப்புறம் நாங்க அடிச்சுப் பாக்க மாட்டோம்."

ஹவுசாபாய் யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள். ஜெனிக்கு முதலில் புரியவில்லை. சுத்தியலைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்ததும் கொடுத்தாள்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் போல்ட்டை ஒரு அடி அடித்தாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டாவதை அடித்தாள். கேட்டாள். திருப்தி இல்லாமல் முதலாவதை இன்னொரு தடவை அடித்தாள், வெளிப்பக்கமாக, அந்தக் காலத்தில் கயிறு இழுத்த திசையில்.

அது அசையவில்லை.

சுத்தியலை ஜெனியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"போங்க" என்றாள்.